குதிரைசக்தி ஒன்றுதான், மோட்டார் வேறு: சிறு படகுக்கு எது ஏற்றது?

சிறு படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் வெளிப்புற மோட்டாரை வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைசக்தி?" என்பதுதான். கடைக்காரர் 9.9 என்கிறார். அடுத்த கடையிலும் 9.9 என்கிறார்கள். விலையில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரிகிறது. விலை குறைந்ததை வாங்கி வந்தால் மூன்றாம் மாதம் எண்ணெய்ச் செலவு கையைக் கடிக்கிறது. விலை கூடியதை வாங்கினாலோ கரையில் அதைப் பழுது பார்க்க ஆள் கிடைப்பதில்லை. குதிரைசக்தி என்ற ஒரு எண்ணை மட்டும் நம்பி வாங்குவதால் வரும் தொல்லை இது.

ஒரே அளவு சக்தி எழுதப்பட்ட மோட்டார்கள் எவ்வளவு வேறுபடும் என்பதற்குச் சில கணக்குகளைப் பார்க்கலாம். டொஹாட்சு கம்பெனியின் 9.8 குதிரைசக்தி இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரின் கொள்ளளவு 169 சி.சி. எடை ஏறத்தாழ 26 கிலோ. அதே கம்பெனியின் அதே 9.8 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் 209 சி.சி. அதன் எடை ஏறத்தாழ 37 கிலோ. யமஹாவின் 9.9 இரண்டு ஸ்ட்ரோக் 246 சி.சி., சுமார் 36 கிலோ. சுஸுகியின் 9.9 நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று 208 சி.சி., மற்றொன்று 327 சி.சி., எடை சுமார் 44 கிலோ. சக்தி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தோளில் வைத்து மணலில் நடப்பவருக்கு 26 கிலோவும் 44 கிலோவும் ஒன்றல்ல.

அஸ்தினாபுரத்துக்கும் படகு மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். குரோம்பேட்டைக்குக் கிழக்கே, செம்பாக்கம், நெமிலிச்சேரி, சிட்லபாக்கம் ஏரிகளை ஒட்டி வளர்ந்த புறநகர் இது. இங்கிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரைக்குப் போனால் ஏறக்குறைய 15 கி.மீ. தூரத்தில் கடல் வந்துவிடும். நீலாங்கரை, பனையூர், கானத்தூர் ரெட்டிக்குப்பம், கோவளம் என்று வரிசையாக மீனவக் குப்பங்கள். அங்கே தினமும் இந்த மோட்டார்கள் ஓடுகின்றன. இன்னொரு சம்பந்தமும் உண்டு. 2015 டிசம்பர் 1ந் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. அப்போது தெருக்களில் ஓடியவை படகுகள். ராணுவத்தினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் ரப்பர் படகுகளுடன் வந்தனர். கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர்களில் படகு தேவைப்பட்டது. ஆகவே, ஊராட்சியோ நலச்சங்கமோ ஒரு படகும் மோட்டாரும் வாங்கி வைக்கலாமா என்ற யோசனை இப்பகுதிகளில் எழுவது இயல்பே. மீனவருக்கு ஏற்ற மோட்டார் வெள்ளத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டுமென்பதில்லை. அதைப் பின்னர் காண்போம்.

(ஏரியில் மீன்பாசிக் குத்தகை எடுத்திருப்பவர்களுக்கு மோட்டார் தேவையே இல்லை. பரிசலும் துடுப்பும் போதும்.)

9.9 என்ற எண் எப்படி வந்தது?

10 என்று போடாமல் 9.9 என்று போடுவானேன்? அமெரிக்காவில் சில ஏரிகளில் 10 குதிரைசக்திக்கு மேற்பட்ட மோட்டார்களுக்குத் தடை உண்டு. அதற்குள் அடங்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் 9.9 என்று வைத்தார்கள். அதுவே உலகெங்கும் நிலைத்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பல 9.9 மோட்டார்கள் உண்மையில் பெரிய மோட்டாரைக் கட்டுப்படுத்தி விற்கப்படுபவை. யமஹாவின் 9.9, 15 ஆகிய இரண்டு இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கும் அதே 246 சி.சி. உடல்தான். சுஸுகியின் 327 சி.சி. உடலில் 9.9, 15, 20 என்று மூன்று அளவுகள் வருகின்றன. பெரிய உடலில் வரும் 9.9 திணறாமல் ஓடும், நாள்பட உழைக்கும். ஆனால் எடையும் விலையும் கூடும். சிறிய உடலில் வரும் 9.9 லேசானது. முழு வேகத்தில் நாள் முழுதும் ஓட்டினால் அதற்குச் சிரமம் அதிகம்.

பழைய மோட்டார் வாங்குவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். முற்காலத்தில் என்ஜினின் தலைப்பகுதியில் கிடைக்கும் சக்தியை அளந்து எழுதினார்கள். 1980களில் இருந்து விசிறித் தண்டில் கிடைக்கும் சக்தியை அளக்கும் முறை பரவியது. இடையில் கியர்களில் ஓரளவு சக்தி வீணாகிறது. எனவே மிகப் பழைய 10 குதிரைசக்தி மோட்டார், புதிய 9.9ஐ விடச் சற்றுக் குறைவாகவே தள்ளும்.

எண்ணெய்ச் செலவைக் கணக்கிடும் முறை

தமிழகக் கரையில் 8 முதல் 10 குதிரைசக்தி அளவில் நான்கு வகைகள் உபயோகத்தில் உள்ளன. இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல், மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக், நீண்ட தண்டின் முனையில் விசிறி வைத்த ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் ஆகியவை அவை. கடைசி வகையில் லோம்பார்டினி அமைப்பில் கிரீவ்ஸ் கம்பெனி தயாரித்த காற்றால் குளிரும் என்ஜின் நெடுநாளாகப் பிரசித்தம்.

ஒரு குதிரைசக்தியை ஒரு மணி நேரம் பெறுவதற்கு டீசல் என்ஜினுக்கு ஏறத்தாழ கால் லிட்டர் போதும். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோலுக்கு 0.4 லிட்டர் வரை ஆகும். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு அரை லிட்டர் அல்லது சற்று மேல். மண்ணெண்ணெய் மோட்டாருக்கு 0.6 லிட்டர் அளவில் ஆகும். இவை தோராயமான அளவுகள். மோட்டாரின் நிலைமையையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்து மாறும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இவை போதுமானவை.

இரண்டு ஸ்ட்ரோக் ஏன் அதிகம் குடிக்கிறது? அதில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையே எரிந்த புகையைச் சிலிண்டரிலிருந்து வெளியே தள்ளுகிறது. தள்ளும்போது தானும் ஒரு பகுதி எரியாமலே புகைப் போக்கி வழியாகப் போய்விடுகிறது. சாதாரண கார்பரேட்டர் மோட்டார்களில் இந்த நஷ்டம் கால் பங்கு வரை உண்டு. கடல் நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் அந்த மீனவர் விலை கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான். அமெரிக்காவில் 1996ல் கொண்டுவந்த புகை விதிகளால் இவ்வகை மோட்டார்கள் அங்கே படிப்படியாக மறைந்தன. ஆசிய நாடுகளில் இன்னும் விற்பனையாகின்றன.

இப்போது ஒரு படகை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 4 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் மோட்டார் ஓடுவதாகவும், சராசரியாக 7 குதிரைசக்தி எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். டீசலுக்கு மணிக்கு 1.75 லிட்டர், நாளுக்கு 7 லிட்டர், ஆண்டுக்கு 1,400 லிட்டர். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோலுக்கு மணிக்கு 2.8 லிட்டர், நாளுக்கு 11.2 லிட்டர், ஆண்டுக்கு 2,240 லிட்டர். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு மணிக்கு 3.5 லிட்டர், நாளுக்கு 14 லிட்டர், ஆண்டுக்கு 2,800 லிட்டர். மண்ணெண்ணெய் மோட்டாருக்கு மணிக்கு 4.2 லிட்டர், நாளுக்கு 16.8 லிட்டர், ஆண்டுக்கு 3,360 லிட்டர்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், இரண்டு ஸ்ட்ரோக்குக்கும் நான்கு ஸ்ட்ரோக்குக்கும் உள்ள 560 லிட்டர் வித்தியாசம் ஆண்டுக்கு 56,000 ரூபாய் ஆகிறது. இது தவிர, 50 லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் வீதம் ஆயில் கலக்க வேண்டுமே, அதற்கு ஆண்டுக்கு 56 லிட்டர் ஆயில் வேண்டும். நான்கு ஸ்ட்ரோக்குக்கும் அவ்வப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்றாலும் ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் அளவில்தான் ஆகும். ஆகவே கடைக்காரர் சொல்லும் இரண்டு விலைகளின் வித்தியாசத்தை இந்த ஆண்டு மிச்சத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் 60,000 ரூபாயானால் ஏறக்குறைய ஓராண்டில் பணம் திரும்பிவிடும். ஆண்டுக்கு 200 நாள் ஓட்டாமல் 60 நாள் மட்டும் ஓட்டுபவருக்குத் திரும்ப மூன்றாண்டுக்கு மேல் ஆகும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி மோட்டார் வாங்குபவர்கள் வட்டியையும் இதில் சேர்க்க வேண்டும். முன்பணம் வாங்கினால் மீனை அந்த வியாபாரிக்கே அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டியிருக்கும். அந்த நஷ்டமும் மோட்டார் விலையோடு சேர்ந்ததுதான். பலர் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

மண்ணெண்ணெய் மோட்டாரின் கணக்கு வேறு மாதிரி. அது மானிய மண்ணெண்ணெயை நம்பி நிற்பது. தமிழக அரசு 2023 ஆகஸ்டில் நாட்டுப் படகு ஒன்றுக்கு ஆண்டு மண்ணெண்ணெய் அளவை 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராகவும், விற்பனை வரி விலக்குடன் கூடிய டீசலை 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராகவும் உயர்த்தி அறிவித்தது. மேலே கண்ட 3,360 லிட்டர் இதற்குள் அடங்கும். ஆனால் நாடெங்கும் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்துள்ளது. ஒரு மாதம் சரக்கு வராவிட்டால் வெளிச்சந்தை விலைக்கு ஓட்டிக் கட்டுப்படியாகாது. மோட்டார் வாங்குமுன் தம் படகின் பதிவுக்கு எந்த எண்ணெயில் எவ்வளவு சலுகை உண்டு, மோட்டாருக்கு மானியம் கிடைக்குமா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறிவது நல்லது. மோட்டாரை வாங்கிவிட்டுப் போய்க் கேட்பதில் பயனில்லை. பல திட்டங்களில் முன் அனுமதி பெற்ற பிறகே வாங்க வேண்டும்.

மண்ணெண்ணெய் மோட்டாரை ஓட்டுவதிலும் ஒரு முறை உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரை வருமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி சில நிமிடம் ஓட்டி, கார்பரேட்டரில் உள்ள மண்ணெண்ணெய் தீர்ந்த பிறகே நிறுத்த வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் மறுநாள் விடியலில் கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிடும். பிளக்கிலும் கரி பிடிக்கும்.

விசிறியும் கியரும்

மோட்டார்களை ஒப்பிடுவோர் மிகவும் அலட்சியம் செய்யும் பகுதி இதுதான். எண்ணெயில் ஆகும் நஷ்டத்துக்கு இணையான நஷ்டம் இதிலும் ஏற்படுகிறது.

நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் 7 மீட்டர் நீளமுள்ள படகு, வலையும் ஐஸும் மீனும் மூன்று நான்கு ஆட்களுமாக ஏற்றிய நிலையில், மணிக்கு ஏறக்குறைய 12 கி.மீ. வேகத்துக்கு மேல் போக முயன்றால் தன் அலையின் மேலேயே ஏற வேண்டியிருக்கும். 9.9 குதிரைசக்தி அதற்குப் போதாது. லேசான சிறு படகு மட்டுமே நீரின் மேல் சறுக்கி ஓடும்.

இந்த 12 கி.மீ. வேகத்துக்கு எந்த விசிறி ஏற்றது? விசிறியின் மேல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம். இரண்டாவது எண், ஒரு சுற்றில் அது நீரில் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதைக் குறிக்கும். இதைப் பிட்ச் என்பர். யமஹாவின் சாதாரண 9.9 நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரில் கியர் விகிதம் 2.08. என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் விசிறி ஏறத்தாழ 2,400 சுற்று சுற்றும். பிட்ச் 9 அங்குலமானால் கணக்குப்படி மணிக்கு 33 கி.மீ. போக வேண்டும். படகு போவதோ 12 கி.மீ. மிச்சமெல்லாம் நீரைக் கலக்குவதிலேயே வீணாகிறது. அதே கம்பெனியின் அதே 9.9ல் அதிகம் தள்ளும் வகை ஒன்று உண்டு. அதன் கியர் விகிதம் 2.92. என்ஜின் 5,000 சுற்றுக்கு விசிறி 1,700 சுற்று அளவில் மெதுவாகச் சுற்றும். அதற்கேற்ப விட்டம் பெரிய விசிறி பொருத்தலாம். பிட்ச் 6½ அங்குலமானால் கணக்குப்படி வேகம் மணிக்கு 17 கி.மீ. படகின் 12 கி.மீ. இதற்கு எவ்வளவோ நெருக்கம். மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி, விரைந்து சுற்றும் சிறு விசிறியை விடப் பாரம் இழுக்க ஏற்றது. வயலில் டிராக்டரை எந்த கியரில் உழுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

நீண்ட தண்டு டீசல் என்ஜின் சிக்கனமாக இருப்பதற்கு டீசல் மட்டும் காரணமல்ல. அதன் சுற்று குறைவு, விசிறியும் அதற்கேற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979 முதல் நடந்த வங்காள விரிகுடாத் திட்டத்தில், உலக உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணர்கள் அலை மோதும் கரையில் ஏறி இறங்கும் படகுகளுக்கு டீசல் என்ஜினைப் பொருத்த முயன்றனர். தண்டையும் விசிறியையும் தூக்கிக்கொள்ளும் அமைப்புகள் அப்போது வடிவம் பெற்றன. அத்திட்டத்தில் பணியாற்றிய படகு வடிவமைப்பாளர் குல்பிரான்ட்சன் 1986ல் சிறு மீன்பிடி படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி ஒரு கையேடு எழுதினார். அதன் முக்கியமான யோசனைகளில் ஒன்று, வேகத்தைச் சற்றுக் குறையுங்கள் என்பது.

அதில் நியாயம் உண்டு. படகின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவையான சக்தி கால் பங்குக்கு மேல் குறைகிறது. 12 கி.மீ. தூரத்தில் உள்ள மீன்பிடி இடத்துக்கு 60 நிமிடத்துக்குப் பதில் 67 நிமிடத்தில் போகலாம். ஏழு நிமிடத் தாமதத்தில் எண்ணெய் கணிசமாக மிச்சமாகும். ஆனால் கரைக்கு முதலில் வரும் மீனுக்குத்தான் ஏலத்தில் விலை என்பதால் திரும்பும்போது யாரும் வேகம் குறைப்பதில்லை. போகும்போதாவது குறைக்கலாம்.

தண்டின் நீளம்

மோட்டார்கள் 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு தண்டு நீளங்களில் வருகின்றன. படகின் பின்பலகை உயரத்தை அளந்து பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். விசிறிக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது இரண்டு மூன்று செ.மீ. கீழாக நிற்க வேண்டும். தண்டு குட்டையானால் அலையில் படகின் பின்புறம் தூக்கும்போது விசிறி காற்றை இழுத்து என்ஜின் வெறிகொண்டு சுற்றும். நீளமானால் வீண் இழுவை. கரையேறும்போது மணலிலும் இடிக்கும்.

எடையும் பழுதும்

2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக்குத் தெற்கே பல குப்பங்களில் கட்டுமரங்களின் இடத்தைப் பைபர் படகுகள் பிடித்தன. துறைமுகம் இல்லாத திறந்த கரை இது. மோட்டாரைப் பலர் தினமும் கழற்றி வீட்டுக்கோ கொட்டகைக்கோ கொண்டுபோகின்றனர். 26 கிலோ மோட்டாரை ஒருவர் சுமக்கலாம். 44 கிலோவுக்கு இருவர் வேண்டும். நீண்ட தண்டு டீசல் என்ஜின் இவற்றை விடக் கனம். அதைப் பெரும்பாலும் படகிலேயே விட்டுவிடுகின்றனர். ஆகவே காவல் அவசியமாகிறது.

நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை மணலில் போடும்போது எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பதற்கு முறை உண்டு. கையேட்டில் படம் போட்டிருக்கும். மாற்றிப் போட்டால் அடியில் உள்ள ஆயில் சிலிண்டருக்குள் ஏறிவிடும். இரண்டு ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதை எப்படிப் போட்டாலும் தாங்கும். பாகங்களும் குறைவு. கடலில் நின்றுபோனால் பிளக்கைத் துடைத்து மாட்டி ஓரளவு சமாளிக்கலாம். மீனவர்கள் இன்னும் அதை விடாததற்கு இது நியாயமான காரணம். எண்ணெய்க் கணக்கை மட்டும் வைத்து அவர்களைக் குறை சொல்லக் கூடாது.

டீசல் என்ஜினுக்கு வேறொரு அனுகூலம் உண்டு. அஸ்தினாபுரம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பகுதிகளில் நெல் விளைந்த காலத்தில் கிணற்றுக்குக் கிணறு பம்புசெட் ஓடியது. அந்த நிலங்கள் மனைகளாகிவிட்டன. எனினும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் செங்கற்பட்டு மாவட்டத்தில் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கின்றனர். பம்புசெட் பழுது பார்ப்பவர் படகு டீசல் என்ஜினையும் பார்த்துவிடுவார். வெளிப்புற பெட்ரோல் மோட்டாரின் கீழ்ப்பகுதிக் கியரையும் நீர் பம்பையும் அவரிடம் கொடுப்பது சரியல்ல. அதற்குப் பழகிய ஆள் வேண்டும். பாகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. எனவே கடைக்காரரிடம் மோட்டாரின் விலையைக் கேட்பதோடு, நீர் பம்பின் இம்பெல்லர், ஸ்டார்ட்டர் கயிறு, விசிறி, கியர் பெட்டியின் சீல் ஆகிய நான்கும் கையிருப்பில் உள்ளனவா என்று கேட்க வேண்டும். இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட முடியாத கடையில் மலிவு என்பதற்காக வாங்குவது வீண்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இது புதிதாக வந்த பிரச்னை. 2025க்குள் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. பெரும்பாலான வெளிப்புற மோட்டார்களின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. கடற்கரைக் காற்றில் டேங்கில் பல வாரம் கிடந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். மோட்டார் முதலில் உறிஞ்சுவது அந்த அடிநீரைத்தான். பழைய ரப்பர் குழாய்களும் இதில் ஊறிக் கெடும். தினமும் ஓட்டும் மீனவருக்கு இது அவ்வளவாகப் பாதிக்காது. பெட்ரோலை நிரப்பிக் கொட்டகையில் வைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் மோட்டாருக்குத்தான் ஆபத்து. புதிதாக வாங்குவோர் எவ்வளவு எத்தனால் வரை தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்து வாங்க வேண்டும். ஓட்டாத நாட்களில் கார்பரேட்டரைக் காலி செய்து வைக்க வேண்டும்.

வெள்ளத்துக்கு எது ஏற்றது?

தெருவில் ஓடும் வெள்ளம் கடல் அல்ல. முடிச்சூர் போன்ற இடங்களில் நீருக்கடியில் சாலைத் தடுப்புகள், கார்கள், கம்பி வேலிகள் இருந்தன. நீரில் பிளாஸ்டிக் பைகள், துணிகள், வைக்கோல், சேறு. வெளிப்புற மோட்டார் தன்னைக் குளிர்விக்க அந்த நீரையே உறிஞ்சுகிறது. உறிஞ்சும் துவாரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டினால் சில நிமிடங்களில் சூடேறி என்ஜின் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் பீச்சும் சிறு நீர்த்தாரையை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாரை நின்றால் உடனே நிறுத்தித் துவாரத்தைத் துடைக்க வேண்டும். காற்றால் குளிரும் டீசல் என்ஜினுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆழம் குறைந்த இடத்தில் தண்டைக் கையால் தூக்கி ஓட்டவும் முடியும்.

அப்படியானால் வெள்ளத்துக்கு நீண்ட தண்டு என்ஜினே சிறந்ததா என்றால், இல்லை. படகுக்குப் பின்னால் நீண்டு நிற்கும் அதன் விசிறி மறைப்பின்றிச் சுற்றுகிறது. பல என்ஜின்களில் நியூட்ரல் கிடையாது. திரும்பும்போது தண்டு அகலமாக வீசும். கடலில் சுற்றிலும் ஆள் இல்லை, பாதகமில்லை. வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் படகை நோக்கி வருகிறார். அந்த இடத்தில் மறைப்பில்லாத விசிறி உயிருக்கு ஆபத்து. ஆகவே மீட்புப் பணிக்கு நியூட்ரலும் பின்னோக்கும் கியரும் உள்ள வெளிப்புற மோட்டாரே உகந்தது. விசிறியைச் சுற்றி வளையக் கூண்டு பொருத்தினால் இன்னும் நல்லது. வேகம் சற்றுக் குறையும், தெருவுக்குள் வேகம் தேவையுமில்லை. ஆளை நெருங்கும்போது நியூட்ரலில் போடுவதோடு நில்லாமல் என்ஜினை நிறுத்தியே விட வேண்டும். ஓட்டுபவரின் மணிக்கட்டில் கட்டும் சிவப்புக் கயிறு, அவர் தவறி விழுந்தால் என்ஜினை நிறுத்துவதற்காக வைத்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் கைவிடத்தக்கது.

வெள்ளத்துக்கு 9.9 கூடத் தேவையில்லை. ரப்பர் படகுக்கும் சிறு பைபர் படகுக்கும் தெரு வெள்ளத்தில் 5, 6 குதிரைசக்தி போதும். எடை குறைவதால் இருவர் எளிதில் லாரியில் ஏற்றி இறக்கலாம். ஓடைபோல் இழுக்கும் இடங்களுக்கு மட்டும் பெரிய மோட்டார் வேண்டும். அங்கே பயிற்சி பெற்றவர்கள்தான் போக வேண்டும். ஷியர் பின் வைத்த மோட்டாரானால், விசிறி கல்லில் மோதும்போது கியர் உடையாமல் அந்தச் சிறு பின் ஒடிந்து காப்பாற்றும். அதனால் நான்கைந்து பின்களையும் அவற்றை மாற்றும் கருவியையும் படகிலேயே கட்டி வைப்பது அவசியம்.

மோட்டார் நீரில் மூழ்கிவிட்டால் வெயிலில் காய வைக்கக் கூடாது. காய்ந்த சில மணி நேரத்தில் உள்ளே துரு பிடிக்கும். எடுத்தவுடன் நல்ல நீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே உள்ள நீரை வெளியேற்றி, சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு அன்றைக்கே மெக்கானிக்கிடம் சேர்க்க வேண்டும். உடனே முடியாவிட்டால் நல்ல நீரிலேயே முழுக்க அமிழ்த்தி வைப்பது, காற்றில் விடுவதை விட மேல்.

பழைய மோட்டார் வாங்கும்போது

புது மோட்டாருக்குப் பணம் போதாதவர்கள் பழையதை வாங்குகின்றனர். வெளிப்பூச்சைப் பார்த்து மயங்கக் கூடாது. கீழ்ப்பகுதிக் கியர் பெட்டியின் அடித் திருகைச் சற்றுத் தளர்த்தி ஆயிலைப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய் நீர் புகுந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றாமல் கயிற்றை மெல்ல இழுத்தால் நல்ல எதிர்ப்புத் தெரிய வேண்டும். தளர்ந்து வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தவை. துருவைத் தான் ஏற்கும் துத்தநாகத் துண்டு கரைந்து போயிருந்தால் முந்தைய உடைமைக்காரர் பராமரிக்கவில்லை என்று அறியலாம். அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தால் அது வேலை செய்யவே இல்லை என்று பொருள். பிறகு தொட்டியில் நீர் நிரப்பி மோட்டாரை மாட்டி, குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்ல வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், ஆறும் வரை காத்திருந்து மீண்டும் கிளப்பிப் பார்த்த பிறகே விலை பேசலாம். பத்து நிமிடம் ஓடவிட்டு, நீர்த்தாரை சீராக வருகிறதா, தலைப்பகுதி கைபொறுக்கும் சூட்டில் இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் முன்னும் பின்னும் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். கியர் நழுவும் மோட்டாரை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதன் கியர்களை மாற்ற ஆகும் செலவு, மோட்டாருக்குக் கொடுத்த விலைக்கு அருகில் வந்துவிடும்.